வீட்டிலிருந்தே விசா: விண்ணப்பிக்கும் முன் சற்று நில்லுங்கள்!



வெளிநாட்டுப் பயணம் என்றால் ஒரு காலத்தில் நம் குடும்பங்களில் என்ன நடந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் பத்திரமாகச் சுற்றி வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர் சென்னைக்குப் பேருந்து ஏறுவார். மண்ணடியிலோ எழும்பூரிலோ உள்ள ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் அதனை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். தூதரகத்தின் முத்திரை விழுந்து பாஸ்போர்ட் கைக்கு வந்து சேரும் வரை வீட்டில் எவருக்கும் சரியான உறக்கம் இராது.

இன்று நிலைமை அடியோடு மாறிவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவி வைக்கும் நேரத்திற்குள், கூடத்தில் அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவியான மகள் கைப்பேசியிலேயே குடும்பத்தார் அனைவருக்கும் விசா விண்ணப்பத்தை அனுப்பி முடித்துவிடுகிறாள். “வாப்பா, எல்லாம் முடிஞ்சிடுச்சு!” என்கிறாள். வாப்பாவுக்கும் மகிழ்ச்சி, முகவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் மிச்சம் அல்லவா?

வசதி பெருகியுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வசதியோடு ஒரு பொறுப்பும் நம் தலையில் வந்து அமர்ந்திருக்கிறது. முன்னர் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு முகவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு விண்ணப்பத்தின் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்ப்பார். இன்று அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் நீங்கள்தாம். ஓர் எழுத்துப் பிழையைப் பிழையென்று சுட்டிக்காட்ட இடையில் எவரும் இல்லை. அது தெரியவரும் இடம் பெரும்பாலும் விமான நிலையமாக இருக்கிறது. பெட்டிகளை அடுக்கி, பிள்ளைகளுக்குப் புத்தாடை உடுத்தி, உற்றார் உறவினரிடம் விடைபெற்று வந்து நிற்கும் நேரத்தில், “உங்கள் விசாவில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை” என்று கவுண்டரில் உள்ளவர் கூறினால் அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்? அந்நிலை உங்களுக்கு நேராமல் இருப்பதற்காகவே இக்கட்டுரை.

எல்லா நாடுகளின் முறையையும் ஒரே கட்டுரையில் கூற முயன்றால் எதுவும் தெளிவுபடாது. ஆகவே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். அந்நாடு வியட்நாம்.

ஏன் வியட்நாம்?

2023 ஆம் ஆண்டு நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானப் போக்குவரத்து தொடங்கியது. அதன் பின்னர் திருச்சி, தஞ்சை, நாகை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இந்நாட்டைப் பற்றிய பேச்சு மிகுந்திருக்கிறது.

மேலும் அந்நகருக்கும் நமக்கும் பழைய உறவொன்று உண்டு. ஹோ சி மின் நகரின் பழைய பெயர் சைகோன். பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சிக் காலத்தில், அவர்களது ஆளுகையில் இருந்த புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் பலர் பிழைப்பும் வாணிகமும் நாடி அங்குச் சென்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். நகரின் நடுவே டோங் டு தெருவில் உள்ள பள்ளிவாசல், 1935 இல் தென்னிந்திய முஸ்லிம்களால் கட்டப்பட்டதாகும். வானளாவிய கட்டடங்களுக்கு இடையே இன்றும் அது தொழுகையாளர்களை வரவேற்று நிற்கிறது. தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் அதே நகரில் இருக்கிறது. தலைநகரான ஹனோயின் ஹாங் லுவோக் தெருவில் இந்திய வணிகர்கள் எழுப்பிய அல்-நூர் பள்ளிவாசலும், மேகோங் ஆற்றங்கரையில் சாவ் டோக் வட்டாரத்தில் வாழும் சாம் இன முஸ்லிம்களின் ஊர்களும் பயணிகள் காணத் தக்கவை.

நம் முன்னோர் கப்பலேறிச் சென்ற ஊருக்கு நாமும் குடும்பத்தோடு ஒருமுறை சென்று வரலாம் என்று தோன்றுவது இயல்பே. அதற்கு முதற்படி விசா.

இ-விசா என்பது என்ன?

இந்தியப் பயணிகள் வியட்நாம் செல்ல விசா வேண்டும். அதனைத் தூதரகத்திற்குச் செல்லாமல் இணையத்தின் வாயிலாகவே பெறலாம். 2017 இல் சில நாட்டவருக்கு மட்டும் சோதனை முறையில் தொடங்கிய இத்திட்டம், 2023 ஆகஸ்டு 15 முதல் எல்லா நாட்டவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அன்று முதல் 90 நாட்கள் வரை செல்லத்தக்க விசா வழங்கப்படுகிறது. ஒருமுறை மட்டும் நுழைவதற்கான விசாவுக்கு 25 டாலர். பன்முறை நுழைவதற்கான விசாவுக்கு 50 டாலர். விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் மறுக்கப்பட்டாலும் இக்கட்டணம் திருப்பித் தரப்படுவதில்லை என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை நுழைவு போதுமா, பன்முறை வேண்டுமா என்பதைப் பயணத் திட்டமே முடிவு செய்யும். வியட்நாமில் இருக்கும்போது பக்கத்து நாடான கம்போடியாவுக்குச் சென்று அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு மீண்டும் வியட்நாம் வழியாகவே ஊர் திரும்ப எண்ணுகிறீர்களா? அப்படியாயின் ஒருமுறை நுழைவு விசா உங்களுக்குப் பயன்படாது. எல்லையைத் தாண்டிய அந்த நொடியிலேயே அதன் ஆயுள் முடிந்துவிடும்.

சரியான வாசல் எது?

இதுவே முதல் கண்டம். கைப்பேசியில் “வியட்நாம் விசா” என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்களே. நட்சத்திரச் சின்னம், தேசியக் கொடி, கம்பீரமான எழுத்துகள் எல்லாம் அவற்றில் இருக்கும். பார்ப்பவர்களுக்கு அரசின் தளம் போலவே தோன்றும். ஆனால் அவை தனியார் நடத்துபவை. அவற்றுள் சில, கூடுதல் கட்டணம் பெற்றுக்கொண்டு அதே விசாவை வாங்கித் தரும் முகவர்கள். வேறு சில, பணத்தையும் பாஸ்போர்ட் விவரங்களையும் பறித்துக்கொண்டு மறைந்துவிடும் மோசடிகள்.

அடையாளம் காண்பது எவ்வாறு? இணைய முகவரியின் முடிவைப் பாருங்கள். வியட்நாம் அரசின் இ-விசா தளத்தின் முகவரி “டாட் கவ் டாட் வி.என்.” என்றே முடியும். முகவரியின் நடுவில் “கவ்” என்று இருப்பது போதாது. அதன் இறுதியில் இருக்க வேண்டும். “டாட் காம்” என்றோ “டாட் ஆர்க்” என்றோ முடிந்தால் அது அரசின் தளம் அன்று.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு ஒருமுறை நுழைவு விசா எடுத்தால் அரசுக்குச் சேர வேண்டியது 125 டாலர். ஒரு தனியார் தளம் ஆளுக்கு 80 டாலர் என்று வாங்கினால் அது 400 டாலராகிவிடும். வேறுபாடான 275 டாலர் எத்தனை மாதச் சேமிப்பு என்பதைக் குடும்பத் தலைவிகளே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

வேறு நாடுகளுக்கான பயணங்களிலும் இந்த வலை விரிக்கப்பட்டிருக்கிறது. மலேசியா செல்லும் பயணிகள் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ‘டிஜிட்டல் வருகை அட்டை’ ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இத்தகைய அட்டையைக் கட்டாயமாக்கியது. இரண்டும் அரசுத் தளங்களில் கட்டணமின்றிக் கிடைப்பவை. இவற்றுக்கு எவரேனும் பணம் கேட்டால், நீங்கள் தவறான வாசலில் நிற்கிறீர்கள் என்பது பொருள்.

பெயர்: நமக்கென்றே உள்ள சிக்கல்

வாசகர்களே, இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

குடும்பப் பெயர் என்பது தமிழர்களின் வழக்கில் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதே நம் மரபு. ரேஷன் கார்டில் “எஸ். முகம்மது யூசுப்” என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் அவ்வாறு இருக்க முடியாது. இந்திய பாஸ்போர்ட்டில் முதலெழுத்துகளுக்கு இடமில்லை. பெயரை விரித்தே எழுத வேண்டும். அதனால் சிலருடைய பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறியிருக்கும். சிலருக்கு அக்கட்டம் வெறுமையாக இருக்கும். பெயர் முழுவதும் இயற்பெயர்க் கட்டத்தில் இருக்கும்.

போதாக்குறைக்கு எழுத்துக்கூட்டல் வேறு! முகம்மது என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? முதல் எழுத்துக்கு அடுத்து ஒருவர் ‘ஓ’ போடுகிறார். இன்னொருவர் ‘யூ’ போடுகிறார். ஒருவருக்கு ஓர் ‘எம்’. மற்றவருக்கு இரண்டு ‘எம்’. முடிவில் ‘ஈ.டி.’ என்பாரும் உண்டு, ‘ஏ.டி.’ என்பாரும் உண்டு. பீவி, பீபி, பேகம், பாத்திமா என நம் தாய்மார்களின் பெயர்களும் அப்படியே. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவரின் பாஸ்போர்ட்டில் வாப்பாவின் பெயர் இரு விதமாக இருப்பதை நாம் பார்த்ததில்லையா?

நம் ஊரில் இதனை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கணினிக்கு முகம்மது என்றால் யார் என்று தெரியாது. அதற்கு எழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டார்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: ஆதார் அட்டையையோ பள்ளிச் சான்றிதழையோ பார்த்து எழுதாதீர்கள். மனத்தில் உள்ளபடியும் எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து, படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு நீண்ட வரிகளைப் பாருங்கள். எந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்டவை அவை. நாட்டின் குறியீட்டை அடுத்து வருவது குடும்பப் பெயர். அதன்பின் அம்புமுனை போன்ற இரு குறிகள். அவற்றுக்குப் பின் இயற்பெயர். விமான நிலையத்தில் எந்திரம் படிக்கப்போவது இவ்வரிகளைத்தான். விசா விண்ணப்பமும் விமானச் சீட்டும் இவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பின், “ஏதாவது எழுத வேண்டுமே” என்று பாஸ்போர்ட்டில் பெயராக இல்லாத ஒரு சொல்லை நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். முதலெழுத்தையும் சேர்க்க வேண்டா.

ஒற்றைச் சொல்லே பெயராக உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. 2022 நவம்பரில், குடும்பப் பெயரின்றி ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. துபாயில் உள்ள மகனைப் பார்க்கப் புறப்பட இருந்த பெற்றோர் பலரை இது கலங்க வைத்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. எனினும் நாடுதோறும் நிரந்தரமாக இச்சிக்கலோடு போராடுவதைக் காட்டிலும், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் காலத்தில் பெயரை இயற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்துகொள்வது மேல். பயணம் நெருங்கிய பின் அல்ல. பயணமே இல்லாதபோது செய்ய வேண்டிய வேலை இது.

படம் எடுக்கும்போது

விண்ணப்பத்தோடு இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று உங்கள் முகப் படம். மற்றொன்று பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம்.

முகப் படம் வெள்ளைப் பின்னணியில், மூக்குக் கண்ணாடி இல்லாமல், நேராகப் பார்த்தபடி இருக்க வேண்டும். தலைத்துணி அணியும் சகோதரிகள், நாடியின் கீழிருந்து நெற்றியின் மேல் வரையிலும் கன்னங்களின் இரு ஓரங்களும் தெளிவாகத் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட் படத்திற்கு உள்ள விதியும் இதுவே. வெள்ளைப் பின்னணியில் வெள்ளைத் துணி அணிந்தால் தலையின் எல்லை எதுவென்றே தெரியாது போகும். அடர்ந்த நிறத் துணியே நல்லது.

பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுக்கும்போது மின்விளக்கின் ஒளி பட்டுப் பளபளப்பு விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் சன்னல் அருகே மேசையில் வைத்து எடுப்பது எளிது. நான்கு மூலைகளும் அடியில் உள்ள இரு வரிகளும் முழுமையாக விழ வேண்டும். பாஸ்போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்யும்போது பூஜ்யத்திற்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ எழுத்தைப் போட்டுவிடுவது பரவலான பிழை. எழுத்து முன்னே, எண்கள் பின்னே என்னும் ஒழுங்கை நினைவில் வைத்தால் இப்பிழை நேராது.

பிள்ளைகளுக்கான கட்டம்

வியட்நாம் விண்ணப்பத்தில், “உங்கள் பாஸ்போர்ட்டில் சேர்க்கப்பட்டுள்ள 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்” என்றொரு பகுதி உண்டு. இதனைப் பார்த்ததும் பெற்றோர் பலர், பிள்ளைகளின் பெயர்களை அதில் எழுதிவிட்டால் போதும் என்று எண்ணிவிடக்கூடும். அவ்வாறு செய்தால் பிள்ளைக்கு விசா கிடைக்காது!

அப்பகுதி, தாய் தந்தையின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளையின் பெயரும் சேர்க்கப்படும் நாட்டவருக்கானது. இந்தியாவிலோ கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட்தான். எனவே நாம் அப்பகுதியை வெறுமையாக விட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். ஆறு மாதக் குழந்தைக்கும் அப்படியே.

நாள், வாயில், முகவரி

விசா எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வேண்டும் என்று நீங்களே குறிப்பிட வேண்டும். தொடக்க நாளுக்கு முன்னர் ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றாலும் உள்ளே விடமாட்டார்கள். இந்தியாவைவிட வியட்நாமின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முந்தியது. நம் ஊரிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானம் மறுநாள் காலையில்தான் அங்கு இறங்கும். புறப்படும் நாளையும் இறங்கும் நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முடிவு நாளைத் திரும்பும் நாளோடு நிறுத்தாமல் சில நாட்கள் தள்ளிப் போடுங்கள். விமானம் ரத்தானாலும் உடம்புக்கு முடியாமல் போனாலும் அந்த இடைவெளி கைகொடுக்கும். 90 நாட்களுக்குள் இருக்கும் வரை இதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை.

எந்த விமான நிலையம் அல்லது எல்லை வழியாக நுழைவீர்கள், எதன் வழியாக வெளியேறுவீர்கள் என்றும் கேட்பார்கள். விமானச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே தேர்ந்தெடுங்கள். ஹோ சி மின் நகரில் இறங்குபவர் ஹனோயைக் குறிப்பிடுவது தேவையற்ற தலைவலி.

தங்கும் இடத்தின் முகவரியைப் பொறுத்தவரை ஒரு புதுச் செய்தி உண்டு. வியட்நாம் 2025 ஜூலை 1 முதல் தனது 63 மாநிலங்களையும் மாநகரங்களையும் 34 ஆகக் குறைத்து இணைத்துவிட்டது. விடுதியின் பழைய ரசீதில் உள்ள மாநிலத்தின் பெயர் விண்ணப்பப் பட்டியலில் இல்லாமல் போகலாம். விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் புதிய முகவரியைக் கேட்டுப் பெறுங்கள்.

விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டமும், எவ்வளவு பணம் செலவிட எண்ணுகிறீர்கள் என்ற கட்டமும் இருக்கும். தயக்கமின்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எந்த ஓர் அரசின் படிவத்திலும் உண்மையே பாதுகாப்பு.

மின்னஞ்சல் முகவரியில் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரவுசிங் சென்டரில் உள்ள தம்பி தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுகிறார். விசா வந்ததா என்று பார்ப்பதற்குப் பதிவு எண், மின்னஞ்சல் முகவரி, பிறந்த தேதி ஆகிய மூன்றும் வேண்டும். அந்தத் தம்பி விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் வீட்டாரின் மின்னஞ்சலையே கொடுங்கள். பதிவு எண்ணை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

பணம் செலுத்தும் முன்

ரிசர்வ் வங்கி 2020 இல் கொண்டுவந்த விதியின்படி, வங்கிகள் வழங்கும் புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுத் தளத்தில் பணம் செலுத்த வேண்டுமாயின், வங்கியின் செயலியில் அந்த வசதியை நீங்களே திறந்துவிட வேண்டும். விசா வேலை முடிந்ததும் மறவாமல் மூடிவிடுங்கள். செலவின் உச்சவரம்பையும் தேவையான அளவுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. உள்நாட்டில் பணம் செலுத்தும்போது கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால்தான் பணம் போகும். வெளிநாட்டுத் தளங்களில் ஓ.டி.பி. கேட்காமலேயே பணம் எடுக்கப்படலாம். எனவே அட்டை எண்ணைக் கொடுப்பதற்கு முன்பே தளம் சரியானதுதானா என்று பார்த்துவிட வேண்டும். கொடுத்த பின் பார்த்துப் பயனில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்குங்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது.

காத்திருப்பும் சரிபார்ப்பும்

மூன்று வேலை நாட்களில் முடிவு வரும் என்பது வியட்நாமின் நடைமுறை. சில வேளைகளில் அதற்கும் மேலாகும். சனி, ஞாயிறு கணக்கில் சேராது. சனவரி அல்லது பிப்ரவரியில் வரும் ‘டெட்’ எனும் அவர்களது புத்தாண்டின்போது அலுவலகங்கள் பல நாட்கள் மூடியிருக்கும். ஏப்ரல் 30, மே 1, செப்டம்பர் 2 ஆகியனவும் விடுமுறை. நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் கிளம்ப நினைப்பவர்கள் அந்த ஏப்ரல் இறுதியில்தான் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பயணத்திற்கு மூன்று வாரம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால் கவலையில்லை. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாத ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பாருங்கள்.

விசா வந்துவிட்டதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டா. அதனைத் தாளில் அச்செடுத்து, ஒருவர் பாஸ்போர்ட்டைப் படிக்க மற்றவர் விசாவைப் பார்த்துச் சரிபாருங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பால், நாட்கள், நுழைவின் எண்ணிக்கை ஆகிய ஆறையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தட்டச்சு செய்தவரே சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது. தன் எழுத்தைத் தானே படிப்பவர் மனத்தில் உள்ளதைத்தான் படிப்பார். பிழை இருந்தால், பணம் போனாலும் போகட்டும் என்று புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் புத்திசாலித்தனம். 25 டாலருக்குப் பார்த்து, விமானக் கட்டணத்தையும் விடுதிப் பணத்தையும் இழக்கலாமா?

ஆளுக்கு இரண்டு அச்சுப் பிரதிகள் எடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வையுங்கள். அந்நிய மண்ணில் இறங்கும் நேரத்தில் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்திருப்பது எவருக்கும் நேரக்கூடியதே.

சுற்றுலா விசாவில் வேலையா?

இனிக் கூறப்போவது பெற்றோர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது.

இணையத்தில் விசா எளிதாகக் கிடைப்பதை நல்லவர்கள் மட்டும் பயன்படுத்திக்கொள்வதில்லை. “கணினி வேலை, கைநிறையச் சம்பளம், இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் வந்துவிடு, அங்கு வந்ததும் வேலை விசாவாக மாற்றித் தருகிறோம்” என்று நம் இளைஞர்களிடம் பேசும் கூட்டம் ஒன்று தென்கிழக்கு ஆசியாவில் இயங்கி வருகிறது. தாய்லாந்தில் வேலை என்று நம்பிச் சென்றவர்கள் மியான்மருக்குள் கடத்திச் செல்லப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தனர். கம்போடியாவிலும் லாவோசிலும் இதே கொடுமைக்கு ஆளான இந்தியர்கள் உண்டு.

சுற்றுலா விசா என்பது சுற்றிப் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. அதில் சென்று வேலை செய்பவர் அந்நாட்டின் சட்டத்திற்கு முன் குற்றவாளியாகிறார். தன்னைத் துன்புறுத்துபவன் மீது புகார் கூறவும் அஞ்சுகிறார். அந்த அச்சமே கயவர்களின் மூலதனம். உங்கள் மகனோ, தங்கை மகனோ சுற்றுலா விசாவில் வேலைக்குப் புறப்படுவதாகக் கூறினால், “போய் வா” என்று வாழ்த்தும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நிறுவனத்தின் பெயர் என்ன? ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? வேலை விசா இங்கேயே ஏன் தரப்படவில்லை? அனுப்புகின்ற முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா? பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் எவரும் பார்க்கலாம். விடை மழுப்பலாக இருந்தால் அந்தப் பயணத்தைத் தடுப்பதே அன்பு.

ஊருக்கு ஒரு மேசை

இவ்வளவும் படித்தபின், “இதெல்லாம் நம்மால் ஆகுமா?” என்று வயதில் மூத்தவர்கள் மலைக்கத் தேவையில்லை. பயணத்தைப் பற்றித் தெரிந்தவர் அவர். கைப்பேசியைப் பற்றித் தெரிந்தவர் பிள்ளை. இருவரும் சேர்ந்து அமர்ந்தால் வேலை பிழையின்றி முடியும். உம்மாவின் விண்ணப்பத்தை மகன் தனியாக நிரப்புவதைவிட, உம்மாவை அருகில் இருத்தி ஒவ்வொரு விவரத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி நிரப்பட்டும். விமான நிலையத்தில் அதிகாரி கேள்வி கேட்டால் விடை கூற வேண்டியவர் உம்மாதானே?

வீட்டில் அத்தகைய பிள்ளை இல்லாதவர்களும் நம்மிடையே பலர். ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர்கள் இருவர், வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் மேசை போட்டு அமர்ந்து, பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தரலாகாதா? அதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுப்பதன் மூலம் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் காப்பாற்றலாம்.

நிறைவாக ஒன்று. இவ்விதழை மடித்து வைத்ததும், பீரோவில் இருக்கும் வீட்டார் அனைவரின் பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். எது எப்போது காலாவதியாகிறது, எதில் குடும்பப் பெயர் வெறுமையாக இருக்கிறது, எதில் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பயணம் அடுத்த மாதமாக இருக்கலாம். அடுத்த ஆண்டாகவும் இருக்கலாம். அந்தத் தாள் இன்றே எழுதப்படட்டும்.